கூடிப்போன ஒரு கோடு

ஹானா படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "எழுது" என்றார். நான் பேனா மூடியைக் கழற்றினேன். அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். நானும் பேனாவை மூடினேன்.

அந்தப் படிவத்தோடு நாங்கள் உட்கார்ந்த மூன்றாவது வியாழக்கிழமை அது.

படிவம் ஹானாவின் இறந்துபோன அப்பாவைப் பற்றியது. அதில் இருந்தது நாலே கேள்விகள். பெயர், பிறந்த ஊர், பிறந்த ஆண்டு. இந்த மூன்றையும் முதல் வியாழக்கிழமையே நிரப்பிவிட்டோம். நாலாவது, 'சமூகத்தில் வகித்த பொறுப்பு'. அதற்கு எதிரே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோடு காலியாகக் கிடந்தது.

"படிவத்தை அனுப்பியவன் காலியாகவே விடச் சொல்கிறான்" என்றார் ஹானா. "எல்லோருக்கும் அதுதான் நல்லதாம்."

மேசையில் தேநீர் ஆறிப்போயிருந்தது. ஹானா தேநீரில் பால் விடமாட்டார், எலுமிச்சைத் துண்டு போடுவார். பக்கத்துத் தட்டில் கசகசா கேக். என் துண்டை நான் முடித்துவிட்டேன். அவருடையது அப்படியே இருந்தது.

சிட்னியில், பொண்டாய் கடற்கரைக்கு மேலே ஒரு மாடி வீடு. கடல் தெரியும் வீடு என்று சொல்லித்தான் விற்றார்களாம். தெரியும், குளியலறையில் கதிரை போட்டு ஏறினால்.

மிஸ் கையெழுத்து

நான் எப்படி அந்த மேசைக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, முதியவர்களின் வீடுகளுக்குப் போய் உதவி செய்யும் வேலை பார்த்தேன். தூசி தட்டுவது, மருந்துப் பெட்டியை நிரப்புவது, கடைக்குப் போவது. வியாழக்கிழமைகளில் எங்கள் வீடு இருக்கும் டூங்கபியிலிருந்து ரயில் பிடித்து, சென்ட்ரலில் ரயில் மாறி, பிறகு பஸ்ஸில் ஏறினால் ஹானாவின் வீடு. போக மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம்.

அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. புத்தி கத்தி மாதிரி. கைதான் நடுங்கும். கணினி ஒன்று இருந்தது, அதை ஒரு பூந்துணியால் மூடி வைத்திருந்தார்.

முதல் நாள் கடைக்குப் போக நான் எழுதிய சாமான் பட்டியலை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இது அச்சடித்ததா?"

"இல்லை அன்ரி, நான்தான் எழுதினேன்."

"அன்ரியா? உன் அம்மாவுக்கு நான் எந்த வழியில் தங்கை?"

எங்கள் வழக்கம் அப்படித்தான் என்று சொன்னேன். அதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. அன்றிலிருந்து என்னை 'மிஸ் கையெழுத்து' என்றார். நாங்கள் பேசியது எல்லாம் ஆங்கிலத்தில். அவருடைய ஆங்கிலத்தில் போலந்தும் என்னுடையதில் வன்னியும் இருந்தன. இரண்டுக்கும் இடையில் குழப்பம் வந்ததில்லை.

என் கையெழுத்தைப் பற்றி நானே சொல்ல வேண்டும், வேறு யார் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எட்டு வயதில் அவர் கையில் புல்லு வெட்டும் கத்தியைக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வடக்கே வன்னிக்கு வந்து மற்றவர்களின் வயலில் வேலை செய்தார். நான் அங்கே பிறந்தேன். அவர் 'ஆமா' என்பார், நான் 'ஓம்' என்பேன். நான் கதிரை என்பதை அவர் நாக்காலி என்பார். வன்னியில் எங்களைத் தோட்டக்காட்டார் என்று இளக்காரமாகச் சொன்னவர்களின் பிள்ளைகளை விட எனக்கு எழுத்து நன்றாக வந்தது. இதைப் பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைதான்.

அப்பாவுக்கு இன்றுவரை எழுத வாசிக்கத் தெரியாது. ஆஸ்திரேலியாவுக்கு வந்த பிறகு கைநாட்டு செல்லாது என்றார்கள். அதனால் தன் பெயரை ஒரு படம் வரைவதுபோல வரையப் பழகிக்கொண்டார். அவருடைய கையொப்பம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். வங்கியிலிருந்து கூப்பிட்டுக் கேட்பார்கள்.

இந்தத் தொடரின் ஒவ்வொரு பகுதியையும் இதழுக்கு அனுப்புவதற்கு முன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் குசினியில். நாங்கள் வந்த படகைப் பற்றி எழுதியபோது, "கடலு அவ்வளவு பெருசா இல்லயே புள்ள" என்றார். திருத்தவில்லை. இந்த வாரம் எழுதியதை வாசிப்பதற்கு முன் அதை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். ஏன் என்பது பிறகு வரும்.

பதவி வந்த விதம்

ஹானாவின் அப்பா போலந்தில் ஒரு சிறு பட்டணத்தில் பொத்தான் கடை வைத்திருந்தார். முதலாம் உலகப் போரில் ஆஸ்திரியப் படையில் இருந்தவர். அங்கே ஜெர்மன் மொழி நன்றாகப் பழகிக்கொண்டார். ஐந்து மொழிகள் தெரியும். பொத்தான் விற்க இரண்டு போதும் என்று ஹானாவின் அம்மா சொல்வாராம்.

ஜெர்மானியர்கள் பட்டணத்தைப் பிடித்த மூன்றாம் நாள் யூதர்களைச் சந்தைத் திடலில் கூட்டினார்கள். உங்களில் யாருக்கு நல்ல ஜெர்மன் தெரியும் என்று ஓர் அதிகாரி கேட்டார். ஹானாவின் அப்பா கையைத் தூக்கவில்லை. ஆனால் அவரைச் சுற்றி நின்ற எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரிக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று மாலை அவர் யூதர் சபையின் தலைவர் ஆனார். அப்படி ஒரு சபை இருப்பதும் அவருக்கு அன்று மாலைதான் தெரியும்.

இதைச் சொல்லிவிட்டு, "தேர்தல் எல்லாம் நேர்மையாக நடந்தது" என்றார் ஹானா.

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததற்குக் காரணம் உண்டு.

வன்னியில் போர் முடிந்து எங்களையெல்லாம் முள்ளுக்கம்பிக்குள் கூடாரம் போட்டு வைத்திருந்த நாட்களில், சீருடைக்காரர் ஒருவர் எங்கள் பகுதிக்கு வந்து, சிங்களம் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். சிங்களத்தில் கேட்டார். அப்பா தோட்டத்தில் வளர்ந்தவர், அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் பதில் சொல்லவில்லை. கேள்வி விளங்கியதால் தலையை நிமிர்த்திப் பார்த்தார். மற்ற எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படித்தான் என் அப்பா லீடர் ஆனார்.

லீடர் என்று ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள். தலைவர் என்ற சொல்லை முகாமில் வாய்விட்டுச் சொல்ல எல்லோருக்கும் பயம். அது இயக்கத்தை நடத்திய வேறோர் ஆளைக் குறித்த சொல். அப்பாவுக்கு முன்னால் லீடர். முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெயர் இருந்தது. தலையாட்டி. எங்கள் பக்கத்தில் அதற்குப் பொருள் வேறு. முகத்தைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டு, வரிசைக்கு முன்னால் ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். வரிசையில் வருகிற ஒருவரைப் பார்த்து அந்தச் சாக்குத் தலை அசைந்தால், அவரைத் தனியே கொண்டுபோவார்கள்.

தலைவருக்கும் தலையாட்டிக்கும் பாதிச் சொல் பொதுவானது. எனக்கு அது பத்து வயதிலேயே கண்ணில் பட்டது. எழுத்தில் கெட்டிக்காரி அல்லவா.

கோப்பி, சோப்பு, ஆட்கள்

ஹானாவின் அப்பாவின் வேலை பட்டியல் எழுதுவது.

முதலில் பனி அள்ள இருபது பேர் கேட்டார்கள். பிறகு அதிகாரிகளின் வீட்டுக்குக் கம்பளங்கள். கோப்பிக் கொட்டை. வாசனைச் சோப்பு. ஒரு பியானோ, அதை மீட்டத் தெரிந்த ஒருவர். எல்லாம் மூன்று பிரதிகளில் இருக்க வேண்டும். பெயர்கள் குடும்பப் பெயரின் வரிசைப்படி. எழுத்துப் பிழை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

வேலைக்கு ஆட்கள் கேட்கும் பட்டியலில் அவர் சில காலம் இறந்துபோனவர்களின் பெயர்களையும் சேர்த்தாராம். காலையில் பெயர் கூப்பிடும்போது அவர்கள் வருவதில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிடுவார். காய்ச்சல்காரர்களின் தொகை கூடிக்கொண்டே போனதால், பட்டணத்தில் தொற்றுநோய் என்று முடிவுசெய்து, அதைத் தடுக்க இன்னும் அதிகச் சோப்புக் கேட்டார்கள்.

"சோப்பை யாரிடம் கேட்டார்கள்?" என்றேன்.

"எங்களிடம்தான்."

மக்கள் அவரிடம் வந்தார்கள். முதலில் கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள். சிலர் இரண்டையும் ஒரே வருகையில் முடித்தார்கள். என் மகனை எடுத்துவிடு, மற்றவனைப் போடு. ஹானாவின் வீட்டு வாசலில் யாரோ முட்டை அடித்தார்கள். அந்தக் காலத்தில் முட்டை கிடைப்பதே அருமை. இவ்வளவு கோபமா என்று அம்மா அழுதாராம். முட்டையை வீணாக்கிவிட்டார்களே என்று அப்பா சொன்னாராம்.

அவர் நல்லவரா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை என்னிடமும் சிலர் கேட்டிருக்கிறார்கள், வேறோர் அப்பாவைப் பற்றி. கேட்பவர்கள் பதிலோடுதான் வருவார்கள்.

மைப் புட்டி

மூன்றாவது வியாழக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

ஹானா எழுந்து போய் அலுமாரியிலிருந்து ஓர் அடிமட்டம் எடுத்து வந்தார். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண மர அடிமட்டம், இங்கே வாங்கியது.

"எனக்கு அப்போது ஒன்பது வயது" என்றார். "பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அப்பா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். வெள்ளைத் தாளில் கோடு போடுவது. கோணாமல், சம இடைவெளியில். இத்தனை பேர் என்றால் இத்தனை கோடு. நான் கோடு போட்டுக் கொடுப்பேன், அவர் பெயர் எழுதுவார். மாரிக் குளிரில் மை உறைந்துவிடும். புட்டியை என் மேலங்கிக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அடிமட்டத்தையும் எடுத்துக்கொண்டு அவரோடு ஜெர்மானியர்களின் அலுவலகத்துக்குப் போவேன். அங்கேயே ஏதாவது திருத்தச் சொன்னால் மை வேண்டுமே."

ஒரு நாள் நாற்பது பேர் கேட்டார்கள். கிழக்கே வேலைக்கு என்றார்கள். அப்போது பட்டணத்தில் அதை நம்பியவர்கள் பாதிப் பேர். நம்பாதவர்களும் நம்புவதுபோல நடந்துகொண்டார்கள்.

ஹானா நாற்பது கோடு போட்டார். பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. வெறுமையாக, அசிங்கமாகத் தெரிந்தது. இன்னொரு கோடு போட்டார். அதன் பிறகு பக்கம் அழகாக இருந்தது.

அப்பா நாற்பது பெயர் எழுதினார். கடைசிக் கோட்டைக் கவனித்தாரா தெரியாது.

அதிகாரி கவனித்தார். "இது ஏன் காலியாக இருக்கிறது?" என்றார்.

நாற்பதுதான் கேட்டீர்கள் என்றார் ஹானாவின் அப்பா.

"பக்கம் நிரம்பவில்லை" என்றார் அதிகாரி. "நிரப்புங்கள்."

ஹானா மேலங்கிக்குள்ளிருந்து மைப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். சூடாக இருந்ததாம். அப்பா பேனாவைத் தோய்த்து, நாற்பத்தோராவது கோட்டில் தன் பெயரையே எழுதினார்.

அதிகாரி அதை வாசித்தார். கோபப்படவில்லை. சிரித்தாராம். "நீர் போய்விட்டால் அடுத்த பட்டியலை யார் எழுதுவது?" என்றார். பிறகு ஹானாவைப் பார்த்துக் கையை நீட்டினார். அடிமட்டத்துக்காக. அதை வைத்து அந்தப் பெயரின் மேல் நேராக ஒரு கோடு கிழித்தார். கோணலாக வெட்டினால் பக்கம் கெட்டுவிடும் என்று அவரும் நினைத்திருக்க வேண்டும்.

"வேறு பெயர்" என்றார்.

ஹானாவின் அப்பா, வெட்டப்பட்ட பெயருக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் கணக்கு வாத்தியார் ஸெலிக்கின் பெயரை எழுதினார். ஸெலிக் அவருடைய நண்பர். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இருவரும் செஸ் விளையாடுவார்கள். ஏன் அந்தப் பெயர் என்றால், அவசரத்தில் ஒருவருக்கு நண்பனின் பெயர்தான் நினைவுக்கு வரும்.

ஸெலிக் திரும்பி வரவில்லை. அந்தப் பட்டியலில் இருந்த யாருமே வரவில்லை. சில மாதங்களின் பின் மிஞ்சியவர்கள் எல்லோரையும் ஒன்றாக ரயிலேற்றினார்கள். எல்லோரும் என்பதால் அதற்குப் பட்டியல் தேவைப்படவில்லை. ஹானாவின் அப்பா அன்றுதான் வேலையிலிருந்து விடுபட்டார். அதற்கு முந்திய வாரம் ஹானாவை ஒரு போலந்துத் தையற்காரியின் வீட்டில் விட்டிருந்தார்கள். ஹானா மட்டும் மிஞ்சினார்.

நாலாவது கேள்வி

அந்தப் படிவம் மெல்பர்னிலிருந்து வந்தது. அந்தப் பட்டணத்திலிருந்து தப்பி ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து, இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்து ஒரு சுவர் கட்டுகிறார்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அவர் வகித்த பொறுப்பு, ஒரு வரியில். குழுவுக்குத் தலைமை தாங்குபவர் ஸெலிக்கின் பேரன்.

ஹானாவின் அப்பா பெயரையே சுவரில் போடக்கூடாது என்று சிலர் சொன்னார்களாம். பேரன் சமாதானம் பேசி ஒரு முடிவு கண்டார். பெயர் வரட்டும், பொறுப்பு வேண்டாம். காலியாக விடுங்கள்.

"நல்ல பையன்" என்றார் ஹானா. பையனுக்கு அறுபது வயது. "ஆனால் என்னிடம் ஒரு கோட்டைக் காலியாக விடச் சொல்கிறான். என்னிடம்."

நான் பேனா மூடியைக் கழற்றினேன். இந்த முறை அவர் நிறுத்தாமல் சொன்னார். சுண்டுவிரல் நீளத்துக் கோட்டில் நாலு வாக்கியங்களை நுணுக்கி எழுதினேன். என்னால் முடியும்.

'தன் பெயரை எழுதினார். அதை வெட்டினார்கள். பிறகு ஸெலிக்கின் பெயரை எழுதினார். அந்தக் கோட்டைப் போட்டவள் நான்.'

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூட.

அடுத்த வியாழக்கிழமை நான் அங்கே இருக்கும்போதே தொலைபேசி வந்தது. ஹானாவுக்குக் காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில்தான் பேசுவார். கூப்பிட்டவர் ஸெலிக்கின் பேரன். மெல்பர்னில் எங்கோ ஒரு டிராம் மணி அடித்துப் போவது கேட்டது.

"அவர் வேறொரு பெயர் எழுதியிருக்கலாமே, ஹானா" என்றார் கடைசியில்.

"எழுதியிருக்கலாம்" என்றார் ஹானா. "அப்போது வேறொருவனின் பேரன் கூப்பிட்டிருப்பான்."

சுவர் திறந்தாயிற்று. இடம் போதாததால் யாருடைய பொறுப்பையும் பொறிக்கவில்லை, வெறும் பெயர்கள்தான் என்று கடிதம் வந்தது. படிவத்தைப் பேரன் தன் மேசை லாச்சியில் வைத்திருக்கிறாராம். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் ஹானாவைக் கூப்பிடுகிறார். என்ன பேசுவார்கள் என்று கேட்டேன். "வானிலை" என்றார் ஹானா. "மெல்பர்னில் அது நிறைய இருக்கிறது."

இதை எழுதலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன். "அப்பாவைப் பற்றி அறுபது வருடமாக என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள்" என்றார். "தமிழில் ஒருவரும் பேசவில்லை. எழுது."

என் பட்டியல்

நான் அந்த மேசையில் சும்மா இருந்து கேட்டுவிட்டு வந்துவிட்டதாக எழுதி இதை முடித்திருக்கலாம். முதலில் அப்படித்தான் முடித்தேன். ஆனால் ஹானா அந்த நாலு வாக்கியத்தையும் சொல்லி முடித்த பிறகு, பேனாவை மூடாமல் நானும் ஒன்று சொன்னேன்.

லீடர் ஆன அப்பாவிடமும் பட்டியல் கேட்டார்கள். எங்கள் பகுதியில் இருக்கும் இளம் ஆண்கள் எல்லோரும் பதிய வேண்டும், பதியாதவர்களுக்கு அரிசி கிடையாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அப்பா கூடாரம் கூடாரமாகப் போய்ப் பெயர்களைக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு எழுத்துத்தான் தெரியாது, ஞாபகம் உண்டு. மத்தியானம் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் இருந்து அவர் சொல்லச் சொல்ல, நான் கொப்பித் தாளில் எழுதினேன். வரிக்கு ஒரு பெயர்.

எங்களுக்கு எதிர்க் கூடாரத்தில் சீலன் அண்ணா இருந்தார். பத்தொன்பது வயது. அறுந்த என் செருப்பைக் கம்பியால் கட்டித் தந்தவர். என் கொப்பியைப் பார்த்து, "எடியேய், உன்ர எழுத்து அச்சு மாதிரியெல்லோ" என்று சொன்னவர். அதற்கு முன் எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லை.

அப்பா அந்தக் கூடாரத்தைச் சொல்லாமல் அடுத்ததற்குப் போனார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்பா மறப்பதில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் இருமுவதற்காக நிறுத்தியபோது சீலன் அண்ணாவின் முழுப் பெயரையும் எழுதினேன். முதலெழுத்தோடு, என் எழுத்துகளிலேயே திறமான எழுத்தில்.

அவருக்கு அரிசி கிடைக்காமல் போய்விடும் என்று எழுதினேன் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனால் பட்டியல் முழுசாக இருக்க வேண்டும் என்பதற்காகவும் எழுதினேன்.

ஒரு வாரத்துக்குப் பிறகு பஸ் வந்தது. பட்டியலை வைத்துப் பெயர் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலர் சில வருடங்களில் திரும்பி வந்தார்கள். சீலன் அண்ணா வரவில்லை. அவருடைய அம்மா எங்கள் கூடார வாசலில் நின்று, "வேண்டாம் எண்டு உன்ர காலப் பிடிச்சுச் சொன்னனானே, தலையாட்டி" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சிட்னியில் எங்கள் முகாமில் இருந்த குடும்பங்கள் சில இருக்கின்றன. பிளாக்டவுனில் ஒரு கல்யாண வீட்டில் ஒருவர், "என்ன லீடர், சுகமோ?" என்று கேட்டுச் சிரித்தார். அதன் பிறகு அப்பா எந்தக் கொண்டாட்டத்துக்கும் வருவதில்லை. முழங்கால் வலி என்பார். கோழி வெட்டும் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நிற்கிற முழங்கால்.

இதையெல்லாம் ஹானாவிடம் சொன்னேன்.

"உன் அப்பாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"அவருக்கு வாசிக்கத் தெரியாது."

"நான் அதைக் கேட்கவில்லை" என்றார் ஹானா.

ஞாயிற்றுக்கிழமை

இதுவரை எழுதியதைக் கொண்டுபோய்க் குசினியில் கதிரையில் உட்கார்ந்தேன். அப்பா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ரொட்டியும் கட்டச் சம்பலும். சம்பலை அவரே இடிப்பார். மிளகாய் நெடியில் புகை எச்சரிக்கை மணி அடிக்கும் என்பதால் சன்னலைத் திறந்து வைப்போம்.

"என்னா புள்ள, இந்த வாரம் யாரப் பத்தி?"

"ஒரு யூத மனுசனைப் பற்றி. எங்கட ஹானா அன்ரியின்ர அப்பா."

"சரி, வாசி."

சீலன் அண்ணாவின் பகுதியை நான் தாண்டிப் போயிருக்கலாம். பக்கத்தைப் புரட்டினால் போதும். அவருக்குத் தெரியாது. இதழ் வந்த பிறகும் தெரியாது. பையில் இரண்டு நாள் வைத்திருந்தது அதற்காகத்தான். குரல் மாறாமல் முழுவதையும் வாசித்தேன்.

அப்பா ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஒன்னு கூட இருந்துச்சுன்னு. குடுக்கப் போறப்ப விரல வச்சு எண்ணுனேன். நான் சொன்னது இருவத்தாறு. தாள்ல இருவத்தேழு வரி."

மணி அடிக்கவில்லை. சன்னல் திறந்துதான் இருந்தது.

"பிறகேன் அப்பா குடுத்தனீங்கள்?"

"எத வெட்டுறது?" என்றார். "எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான இருந்துச்சு. எது அந்தப் பையன்னு தெரிஞ்சா வெட்டியிருப்பேன். தப்பா ஒருத்தன வெட்டிப்புட்டா அவனுக்கு அரிசி இல்லாமப் போயிரும்னு நெனச்சேன். ஒன்னக் கூப்புட்டுக் கேக்கலாம்னா, ஆமி ஐயா முன்னுக்கு நிக்கிறாரு. எழுதுனது ஆருன்னு தெரிஞ்சுரும்."

பதினேழு வருடமாக அவர் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"இந்தப் பகுதியை வெட்டிப்போட்டு அனுப்பட்டே?" என்று கேட்டேன். "சீலன் அண்ணாவின்ர அம்மா எங்கயாவது இருந்து வாசிச்சாலும் வாசிப்பா."

"வெட்டாத" என்றார். "அந்த அம்மாவுக்காவது ஆருன்னு தெரியட்டும்."

ரொட்டியை எடுத்து என் தட்டில் போட்டார். விளிம்பு கருகியிருந்தது. தனக்கு ஒன்று போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். முதல் துண்டைப் பிய்த்துச் சம்பலில் தொட்டவர், வாயில் வைக்காமல் கேட்டார்.

"அந்த மனுசன், பட்டியல் எழுதுனவரு. அவருக்கு வாசிக்கத் தெரியுமா?"

"ஓம் அப்பா. அஞ்சு பாஷை."

அப்பா கையிலிருந்த துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"பாவம்" என்றார்.